ஹாக்கிக்கு அர்த்தம் சொன்ன நாள்

போன வாரம் மலாக்கா நீதிமன்றத்திலிருந்து தங்கமலர் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு தமிழ் மொழிபெயர்ப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள். பையன்கள் அடித்துக்கொண்ட வழக்கு ஒன்று நடக்கிறதாம். குற்றச்சாட்டில் ‘காயு ஹோக்கி’ என்று மலாயில் எழுதியிருக்கிறது, ஹாக்கி மட்டை. இவள் நல்ல தமிழில் சொல்வோமே என்று ‘வளைதடி’ என்று சொல்லியிருக்கிறாள்.

“லாயர் எழுந்து நின்னுட்டாரு சார். தடின்னா ஆயுதமாம். விளையாட்டுச் சாமானை நான் ஆயுதமாக்கிட்டேனாம். மாஜிஸ்திரேட் என்னையே பார்க்குறாரு. ஹாக்கின்னா உண்மையிலேயே என்னதான் சார் அர்த்தம்?”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தக் கேள்வியை அதற்கு முன்னால் ஒரே ஒருவர்தான் உத்தியோக முறையில் என்னிடம் கேட்டிருக்கிறார். அவர் இடுப்பில் வாள் இருந்தது. விவரத்தைச் சொல்லத் தொடங்கினேன். போனில் முடிகிற கதையா இது? “எழுதிக் குடுங்க சார், புதுசா வர்றவங்களுக்கும் ஆகும்” என்றாள். எழுதுகிறேன்.

சொற்களின் பூர்வீகத்தைத் தோண்டுவது எனக்குப் பள்ளிக்கூட நாளிலேயே பிடித்த பைத்தியம். நாங்கள் குடியிருந்தது மலாக்காவின் காஜா பெராங்கில். மலாயில் காஜா என்றால் யானை, பெராங் என்றால் கோபம். எந்த யானைக்கு யார்மேல் கோபம் என்று ஒரு வருஷம் விசாரித்துத் திரிந்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அடுத்து ஹாக்கியைப் பிடித்துக்கொண்டேன், அதைத்தானே தினமும் ஆடுகிறோம் என்று. எங்கள் ஆங்கில ஆசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் சொன்னார்: “கொக்கிக்கு ஆங்கிலத்தில் ஹூக் என்கிறோமே, அதிலிருந்து வந்தது என்பார்கள் சிலர். பழைய பிரெஞ்சில் ஆட்டிடையனின் வளைந்த கோலுக்கு இப்படி ஒரு சொல் இருந்தது, அதிலிருந்து என்பார்கள் வேறு சிலர். உறுதியாகத் தெரியும் என்று எவனாவது சொன்னால் அவன் புளுகுகிறான்.” எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு ஓடி அப்பாவிடம் சொன்னேன். அவர் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல், “ஐயனார் கையில செண்டு இருக்கே, அதுவும் வளைஞ்ச கோல்தான். ஒங்க வெள்ளைக்காரன் அங்க பார்த்திருப்பான்” என்றார்.

இதை எங்கள் அணியில் பிரசங்கமாகவே செய்தேன். தமிழர், சீனர், யுரேஷியர், செட்டிகள் என்று கலந்த அணி. பெயர்கூட வைக்கவில்லை; ஊரில் ‘காஜா பெராங் பையன்கள்’ என்பார்கள். நான் சென்டர் ஃபார்வர்டு. கோல்கீப்பர் தேவராஜன். என் பிரசங்கம் முடிந்ததும் அவன் மலாயில் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: போன ஆட்டத்தில் காலிக் கோலைப் பார்த்து நீ வெளியே அடித்தாயே, அதற்கு எந்த மொழியில் என்ன பெயர்?

தேவராஜனைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவன் செட்டிக் கம்பத்துக்காரன், செட்டிகள் குடியிருக்கும் பகுதி. எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரம். நெற்றி நிறையத் திருநீறு, வீட்டுக்கூடத்தில் மாரியம்மன் படம், இடுப்பில் சாரோங். வாயைத் திறந்தால் மலாய். அவர்கள் முன்னோர் பல தலைமுறைக்கு முன்னால் வணிகத்துக்கு வந்து இங்கேயே பெண்ணெடுத்துத் தங்கியவர்கள். சாமி தங்கியது, தமிழ் தங்கவில்லை. ‘அப்பா’, ‘பொங்கல்’ மாதிரி சில சொற்கள் மட்டும் மிச்சம். என் அப்பா அவனைக் கண்டால் விடாமல் தமிழில் பேசுவார். அவனும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு மலாயில் பதில் சொல்வான். இருவரும் அப்படியே கால்மணி நேரம் பேசிக்கொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரன் போனான். ஆங்கிலப் புத்தகம் வைத்திருந்தவர்கள் அடுப்பில் போட்டார்கள். கொஞ்ச நாளில் அடுப்பில் போட எதுவுமே கிடைக்காமல் நாற்காலிக் காலையும் வேலிக் குச்சியையும் எரித்தார்கள். எங்கள் மட்டைகள் இந்தியாவிலிருந்து வந்த மல்பெரி மரம். தேவராஜன் வீடு வீடாக வந்து அவற்றை வாங்கிப் போனான். “சோறு வேக ஒரு நாளைக்குத்தான் ஆகும், இது மாதிரி மரம் திரும்பக் கிடைக்குமா” என்று அவன் கேட்டபோது என் அம்மா என் மட்டையை எடுத்துக் கொடுத்தாள். அவன் எல்லாவற்றையும் மெழுகுத்துணியில் சுற்றி, சாக்கில் கட்டி, வீட்டுக்குப் பின்னால் மரவள்ளிப் பாத்தியில் புதைத்து வைத்தான்.

எனக்கு வேலை இல்லை. சீனியர் கேம்பிரிட்ஜ் சான்றிதழை வைத்துக்கொண்டு அந்தக் காலத்தில் என்ன செய்வது? நிப்பொங்கோ, அதுதான் ஜப்பானிய மொழி, வகுப்பு நடக்கிறது என்றார்கள். மற்றவர்கள் பயத்தில் படித்தார்கள். நான் ஆசையாகப் படித்தேன். தமிழ் மாதிரியே வினைச்சொல் கடைசியில் வருகிற மொழி! மாதக் கணக்கில்தான் படிப்பு. அதற்குள் பேசப் பழகிவிட்டேன். பழகியதுதான் வினை. இராணுவப் போலீஸ் பிடித்துவைத்திருந்த பங்களாவுக்குத் துணை மொழிபெயர்ப்பாளனாகக் கூட்டிப்போனார்கள். மாட்டேன் என்று சொல்லும் வழக்கம் அப்போது இல்லை. சம்பளம் அரிசியாகக் கிடைத்தது. காஜா பெராங்கில் நான் நடந்தால் பேச்சு அடங்கும்.

என் மேலாளர் ஃபார்மோசாவிலிருந்து, இன்றைய தைவானிலிருந்து, வந்தவர். ரின் சான் என்று கூப்பிடுவோம். வீட்டில் அவர் மொழி ஹொக்கியன் என்ற சீன மொழி. ஜப்பானிய மொழி பள்ளியில் படித்தது. மலாய் இங்கே வந்து பொறுக்கிச் சேர்த்தது. ஒல்லியான மனிதர். விசாரணை அறைக்குள் நுழையுமுன் கைக்குட்டையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைப்பார். வெளியே வந்ததும் எடுத்து, உள்ளங்கைகளைத் துடைத்து, திரும்ப நான்காக மடிப்பார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. முதல் நாளே முறையைச் சொல்லிக் கொடுத்தார். கைதிக்கு இடப்பக்கம், அரை அடி பின்னால் நில். கைதி முகத்தைப் பார்க்காதே, மேசையைப் பார். ‘அவன் சொல்கிறான்’ என்று சொல்லாதே. அவன் ‘நான்’ என்றால் நீயும் ‘நான்’ என்று சொல். அவன் அழுதால் நீ காத்திரு. கடைசியாக ஒன்று: “தெரியாத சொல் வந்தால் பச்சையாக அப்படியே எடுத்து வை. நீ சமைக்காதே. சமைத்தால் ருசி உன்னுடையதாகிவிடும். பிறகு தண்டனையும் உன்னுடையது.”

அந்த ‘நான்’ இருக்கிறதே, அது மனிதனைத் தின்றுவிடும். நான் திருடவில்லை, எனக்குத் தெரியாது, என்னை அடிக்காதீர்கள் என்று ஒரு நாளைக்கு எத்தனை பேருக்காக என் வாய் சொல்லும்! வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எனக்குப் பசிக்கிறது என்று சொல்லும்போதுகூட யாருடைய பசியையோ சொல்வதுபோல் இருக்கும்.

ஒரு காலைப்பொழுதில் ரின் சான் தாழ்வாரத்தில் என்னை நிறுத்தினார். செட்டிக் கம்பத்தில் ஒருவன் துப்பாக்கி புதைத்திருப்பதாகத் தகவல் வந்து, முந்தின நாள் படைவீரர்களோடு அவரே போயிருக்கிறார். தோண்டினால் துப்பாக்கி இல்லை, முனை வளைந்த தடிகள். யாருடையது என்று கேட்டதற்கு, ஹொக்கியன் ஆட்களுடையது என்று அவனே ஒப்புக்கொண்டுவிட்டானாம். அந்தச் சமயத்தில் ஹொக்கியன் ஆட்களுக்காகச் சாமான் ஒளித்துவைப்பது என்றால் காட்டில் இருக்கிற சீனப் படைக்குத் துணைபோவது என்று அர்த்தம். அதற்கு ஒரே தண்டனைதான்.

“பெயரைப் பார்த்தால் தமிழன். லெப்டினன்ட் தமிழ் தெரிந்தவனைக் கேட்கிறார். வா” என்றார். கைக்குட்டையை மடித்தார். உள்ளே போனோம்.

அது பங்களாவின் சாப்பாட்டு அறை. சாப்பாட்டு மேசைமேல் மட்டைகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள், பக்கத்தில் கோல்கீப்பரின் கால் பட்டைகள். மூன்றாவதாகக் கிடந்தது என் மட்டை. பிடியில் பச்சைக் குடைத்துணி சுற்றியிருப்பேன். மேசைக்கு அப்பால், இடுப்பில் வாளோடு, லெப்டினன்ட். இப்பால் தேவராஜன், கைகள் பின்னால் கட்டப்பட்டு, ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. நான் போய் இடப்பக்கம், அரை அடி பின்னால் நின்றேன். கண்ணை எங்கே வைப்பது? முகத்தைப் பார்க்கக்கூடாது, மேசையைப் பார்த்தால் பச்சைத் துணி.

பெயரைத் தமிழில் கேட்கச் சொன்னார்கள். கேட்டேன். அவன் தலையைத் திருப்பி யாரோ புதியவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தான்.

“சாயா தா தாவு தமிழ், துவான்.”

எனக்குத் தமிழ் தெரியாதுங்க, ஐயா. என்னை அவன் அதுவரை ‘துவான்’ என்று கூப்பிட்டதே இல்லை. ‘மக்னா’ என்றுதான் கூப்பிடுவான். மலாயில் அர்த்தம் என்று பொருள், என் பைத்தியத்துக்கு அவன் வைத்த பட்டப்பெயர். அந்த ஒரு ‘துவானில்’ அவன் எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். நீ என்னைத் தெரிந்தவன் இல்லை, நானும் உன்னைத் தெரிந்தவன் இல்லை.

தமிழன் தமிழ் தெரியாது என்கிறான், பொய் சொல்கிறான் என்று ஓர் அடி விழுந்தது. இந்த ஊரில் இப்படி ஒரு சமூகம் உண்டு, தமிழ்ப் பெயர் இருக்கும், தமிழ் இருக்காது என்று நான் விளக்கினேன். லெப்டினன்ட் ரின் சானைப் பார்த்தார். தனக்கு அது தெரியாது என்று ரின் சான் தலைகுனிந்து சொன்னார். சரி, மலாயிலேயே கேள், இதெல்லாம் யாருடையது என்றார் லெப்டினன்ட். கேட்டேன். முந்தின நாள் சொன்ன அதே வாக்கியத்தைத் தேவராஜன் மெதுவாகத் திருப்பிச் சொன்னான்.

“கித்தா ஓராங் ஹோக்கி புன்யா பாராங்.”

அங்கே எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் ஊர்ப் பேச்சில் ‘கித்தா ஓராங்’ என்று சேர்த்துச் சொன்னால் ‘நாங்க’. புன்யா பாராங் என்றால் உடைய சாமான். எங்க ஹாக்கிச் சாமான் என்கிறான் அவன். ரின் சானோ ‘ஓராங்’கை அந்தப் பக்கத்திலிருந்து பிய்த்து இந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறார். ‘ஓராங் ஹோக்கி’. ஓராங் என்றால் ஆள். ஹோக்கி ஆட்கள். பிறந்ததிலிருந்து ஹொக்கியன் பேசுகிற காதுக்கு அது ஹொக்கியன் ஆட்கள் என்றுதானே கேட்கும்? ஒரு சொல்லை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதில் ஒரு மனிதனின் தலை தொங்கிக்கொண்டிருந்தது.

பச்சையாக எடுத்து வை என்பது விதி. வைத்தால் ரின் சானின் அர்த்தமே நிற்கும். நான் சமைத்தேன்.

“இந்த ஊர் மலாயில் அந்த இரண்டு சொல்லும் சேர்ந்து ‘நாங்கள்’ என்று ஆகும். ஹொக்கியன் என்று அவன் சொல்லவில்லை. ஹொக்கே. விளையாட்டு.” ஜப்பானியர் வாயில் ஹாக்கி ‘ஹொக்கே’.

லெப்டினன்ட் எழுந்து மேசையைச் சுற்றி வந்தார். முதலில் ரின் சானின் கன்னத்தில் இரண்டு அறை. ரின் சான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நின்றார். அப்புறம் எனக்கு ஒன்று. அது எதற்கு என்று அவரே சொன்னார்: ஹொக்கே எதிரியின் சொல், அப்படி ஒரு சொல் இப்போது கிடையாது, நிப்பொங்கோவில் சொல். எனக்கு நிப்பொங்கோச் சொல் தெரியாது. தெரியாது என்றேன்.

“அப்படியானால் அர்த்தம் சொல். ஹொக்கே என்றால் என்ன?”

காதில் ரீங்காரம். பள்ளிக்கூடத்து வகுப்பறை கண்ணுக்குள் வந்தது. யாருக்கும் உறுதியாகத் தெரியாது ஐயா என்று உண்மையைச் சொன்னால் தேவராஜன் போனான். கொக்கி என்றால்? கொக்கியால் ஆளைக் கிழிக்கலாம். வளைந்த தடி என்றால் தடிதான் மேசைமேலேயே கிடக்கிறதே. இடையனைப் பிடித்துக்கொண்டேன். ஆடு மேய்க்கிறவனின் கோல் என்று பொருள், கூட்டத்திலிருந்து விலகும் ஆட்டைக் கழுத்தில் வளைத்து இழுப்பதற்கு முனை வளைந்திருக்கும், அதைக்கொண்டு பந்தைத் தள்ளுவார்கள் என்று சொன்னேன். ஜப்பானிய மொழியில் ஊன்றுகோலுக்கு உள்ள சொல்லைப் பயன்படுத்தினேன்.

லெப்டினன்ட் மேசையிலிருந்து ஒரு மட்டையை எடுத்தார். என் மட்டை. இடது கை மேலே, வலது கை பிடியின் கீழே, முழங்கால் மடக்கி, தட்டையான பக்கம் முன்னால். அந்தப் பிடியைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. இந்த மனிதருக்கு ஆட்டம் தெரியும். ஆடியிருக்கிறார்.

“ஜோக்யூ” என்றார். ‘கோல்பந்து’ என்று அர்த்தம் வரும். அவர்கள் புதிதாகப் பண்ணிய சொல். குரல்கூட மாறியிருந்தது. ஆயுதம் இல்லை என்று ஒத்துக்கொண்டார். எனக்கு மூச்சு வந்தது. அடுத்து மட்டையை வைத்துவிட்டு, கால் பட்டைகளைத் தொட்டு, “நீ கோல் காப்பவன்” என்றார். நான் மலாயில் சொன்னேன். தேவராஜன் தலையாட்டினான். “அப்படியானால் இன்னும் பத்துப் பேர். யார் யார்?”

ஆட்டம் தெரியாதவனாக இருந்திருந்தால் அந்தக் கேள்வியே வந்திராது.

பத்துப் பேரில் எங்கள் லெஃப்ட் பேக் காட்டுக்குள் போய்விட்டான் என்று காஜா பெராங்கில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். இன்னும் இரண்டு சீனப் பையன்கள் புக்கிட் பாரு பக்கம் மரவள்ளி நட்டுக்கொண்டு தலைமறைவாக இருந்தார்கள். ஒருவன் அரை அடி பின்னால் நின்று கேள்வியை மலாயில் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு பெயர் போதும். ஒன்றைப் பிடித்து மற்றதை இழுத்துவிடுவார்கள்.

தேவராஜன் திறந்திருந்த ஒரு கண்ணால் மேசையில் பச்சைத் துணியைப் பார்த்தான். பிறகு அவன் சொன்னதை நான் ஜப்பானிய மொழியில், முறைப்படி, ‘நான்’ போட்டுச் சொன்னேன்.

“நான் கோல் காப்பவன். எனக்கு முன்னால் நிற்கிறவர்களின் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன். முகம் தெரியாது.”

ஆட்டம் ஆடிய யாருக்கும் அது எவ்வளவு நிஜம் என்று தெரியும். லெப்டினன்டின் வாய் ஓரத்தில் ஏதோ அசைந்தது. எதிராளிகளின் முகம் தெரிந்திருக்குமே என்று கேட்டார்.

“அது நல்லாத் தெரியும். எல்லாம் வெள்ளைக்காரங்க. ஒங்ககிட்டதான் ஜெயில்ல இருக்காங்க.”

இதையும் நான் என் வாயால் சொன்னேன். அதன்பின் நடந்ததை எழுதப் போவதில்லை. எத்தனை முறை கேட்டாலும் அவன் முதுகு, முதுகு என்றே சொன்னான். நானும் முதுகு, முதுகு என்றே சொன்னேன். கடைசியில் மொழிபெயர்ப்புக்கு வேலை இல்லாமல் போயிற்று.

வெளியே வந்ததும் ரின் சான் உள்ளங்கைகளைத் துடைத்தார். என்னால் அவர் வாங்கிய இரண்டு அறையைப் பற்றிப் பேசவே இல்லை. கைக்குட்டையை மடித்தபடி, “எங்கள் பேச்சில் ஹொக்கி என்று ஒரு சொல் உண்டு. அதிர்ஷ்டம். கையைக் கட்டியிருக்கிறார்கள், இவன் ஏன் திரும்பத் திரும்ப அதிர்ஷ்டம் என்கிறான் என்று நேற்று முதலில் நினைத்தேன்” என்றார். கொஞ்சம் நடந்துவிட்டு, “அதையே எழுதியிருக்கலாம்” என்றார்.

மட்டைகள் பங்களாச் சமையற்கட்டுக்கு விறகாகப் போயின. மல்பெரி நன்றாக எரியும். தேவராஜனைச் சில நாள் கழித்து லாரியில் ஏற்றினார்கள். சயாம் ரயில் பாதைக்கு என்று சொன்னார்கள். ஏறியதைப் பார்த்தவர்கள் உண்டு. இறங்கியதைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

ஜப்பான்காரன் போன பிறகுதான் அவன் அம்மா முன்னால் போய் நின்றேன். செட்டிக் கம்பத்தில் அதே வீடு. மரவள்ளிப் பாத்தி தோண்டியது தோண்டியபடி கிடந்தது. உள்ளே என்ன சொன்னான் என்று மலாயில் கேட்டார். முதுகைப் பற்றிய அவன் வாக்கியத்தை அவன் சொன்ன மொழியிலேயே சொன்னேன்.

“பொய் சொல்லியிருக்கான்,” என்றார். “ஒவ்வொரு ஆட்டம் முடிஞ்சும் ஒங்க எல்லாரையும் இந்தச் சமையக்கட்டுல வட்டமா உக்கார வச்சு அவன்தானே நாசி லெமாக் சோறு போட்டான்? யாரு முகம் அவனுக்குத் தெரியாது?”

அதற்குமேல் நான் எத்தனையோ வருஷம் நீதிமன்றத்தில் வேலை பார்த்தேன். கொலை வழக்கு, நில வழக்கு, தோட்டத்துக் கூலி வழக்கு எல்லாம் என் வாய் வழியாகப் போயின. மூன்று நீதிபதிகள் பாராட்டினார்கள், ஒருவர் திட்டினார். அவற்றைப் பற்றி யாராவது கேட்டால் தனியாகச் சொல்லலாம். தங்கமலருக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: ‘ஹாக்கி மட்டை’ என்றே சொல், அம்மா. அந்தப் பையனுக்கும் லாயருக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் புரிந்த சொல்லைப் பச்சையாக வை. தடி என்று சமைத்தால் ஆயுதமாகும், கோல் என்று சமைத்தால் இடையனாகும். இரண்டுமே நீ போட்ட உப்பு. கேட்கிறவருக்கு அந்தச் சொல் வேறொன்றாகக் காதில் விழுகிறது என்று தெரிந்தால் மட்டும் எழுந்து நின்று சொல். அறை விழுந்தாலும் சொல். சொன்னபின் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்பது உன் கையில் இல்லை.

ஜப்பான் சண்டை முடிந்து பாடாங் மைதானத்தில் மறுபடி ஆட்டம் தொடங்கியபோது எங்களில் ஏழு பேர் மிச்சம். புதுப் பையன்களைச் சேர்த்துக்கொண்டோம். முதல் ஆட்டம். நடுக்கோட்டில் ஆட்டத்தைத் தொடங்கும் ‘புல்லி’க்குக் குனியப் போனவன் நான், மட்டையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி, எங்கள் கோலைப் பார்த்து நேராக நின்றேன். புதிய கோல்கீப்பருக்கு ஒன்றும் புரியவில்லை. பழையவர்கள் ஆறு பேரும் ஒவ்வொருவராகத் திரும்பி நின்றார்கள். நடுவர் விசிலை வாயில் வைத்தபடி காத்திருந்தார். கோல்கீப்பர் எங்கள் எல்லார் முகத்தையும் பார்த்து முடிக்கும்வரை நின்றோம்.

அதுவே வழக்கமாகிவிட்டது. நான் மட்டையைத் தொங்கவிட்ட பிறகும் காஜா பெராங் பையன்கள் ஆட்டத்துக்கு முன்னால் திரும்பி நின்றார்கள். ஒருநாள் வேடிக்கை பார்க்கப் போயிருந்தபோது, புதிதாகச் சேர்ந்த ஒரு சீனப் பையன் என் பக்கத்தில் வந்து நின்று கேட்டான். ரின் சானைப் போல அவன் வீட்டிலும் ஹொக்கியன்தான் பேச்சு.

“எதுக்கு அங்கிள் இப்படி நிக்கிறோம்? ஹொக்கிக்கா?”

ஆமாம் என்றேன்.